ஹிப்போ துறைமுகத்துக் கப்பல்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டதில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எனக்குப் பார்வை தெளிந்துவிட்டது. இரவில் நெடுநேரம் படிப்பதாக வீட்டில் புகார்.

"இன்னும் அந்த ரோமானியச் சட்டத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம். ரோமானியப் பேரரசர்களின் ஆணைகளைத் திரட்டிய தியோடோசியஸ் தொகுப்பைப் பற்றி நாம் மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? கி.பி. 438இல் வெளியிடப்பட்ட அந்த 16 புத்தகங்களில் ஒரே விதி திரும்பத் திரும்ப வருகிறது, ஆகவே யாரும் கீழ்ப்படியவில்லை என்பது உன் கட்சி. வரலாற்றாசிரியர் ஜில் ஹாரிஸ் 1999இல் எழுதிய நூலில் இதை மறுக்கிறார். அதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள், மக்கள் மனுக் கொடுத்தார்கள், பேரரசர் பழைய விதியையே மறுபடி உறுதிசெய்தார். திரும்ப வருவது சட்டம் புழக்கத்தில் இருந்ததற்கே சான்று என்கிறார். மனுக் கொடுக்க வழியிருந்தவர்கள்வரை அவர் சொல்வது சரி. வழியில்லாதவர்களின் கதி என்ன என்றுதான் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்டினின் கடிதங்களுக்குள் போனேன்.

ஜோஹன்னஸ் டிவ்ஜாக் என்ற ஆய்வாளர் கண்டெடுத்து 1981இல் பதிப்பித்த கடிதங்களைச் சொல்கிறேன். அவற்றுள் ஒன்று, 420களில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஹிப்போவிலிருந்து நண்பர் அலீப்பியஸுக்கு எழுதியது. அடிமை வியாபாரிகளின் ஆட்கள் சிப்பாய் வேடத்திலும் காட்டுமிராண்டி வேடத்திலும் உள்நாட்டுக் கிராமங்களில் புகுந்து, சுதந்திரக் குடிமக்களைப் பிடித்துக் கடல் கடந்து விற்கிறார்கள். விறகு வாங்குவதாகச் சொல்லி மலைக் கிராமத்துப் பெண்களை வரவழைத்து, அடைத்துவைத்து விற்ற ஒருத்தியும் உண்டு. தேவாலய நிலத்துக் குடியானவன் ஒருவனே பணத்தாசையில் மனைவியை விற்றிருக்கிறான். அகஸ்டின் ஊரில் இல்லாத நேரத்தில் ஹிப்போ விசுவாசிகள் கப்பலிலிருந்தும் ஒளித்துவைத்த இடங்களிலிருந்தும் ஏறத்தாழ 120 பேரை மீட்டார்கள். அவர்களில் பெற்றோர் விற்றவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் வஞ்சகத்தாலும் பலவந்தத்தாலும் வந்து சேர்ந்தவர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பேரரசர் ஹோனோரியஸின் ஆணை ஒன்றின் நகலை அகஸ்டினே கடிதத்தோடு அனுப்புகிறார். அதன்படி குற்றவாளிக்கு ஈயக்குண்டு கோத்த சாட்டையடி. அதில் ஆள் செத்துப்போகலாம் என்பதால் அகஸ்டின் தயங்குகிறார். பிடிபட்டவர்களை விடுவிக்கும் அளவுக்கு மட்டும் சட்டத்தைப் பயன்படுத்துகிறோம், தண்டிக்க அல்ல என்கிறார். அதற்குள் வியாபாரிகளின் செல்வாக்குள்ள புரவலர்கள், மீட்கப்பட்டவர்களைத் திருப்பிக் கொடு என்று நெருக்க ஆரம்பித்துவிட்டார்கள். துணிச்சலைப் பார்த்தாயா! சட்டப்படி குற்றவாளி யாரோ, அவன்தான் சட்டத்தின் வாசலில் உரிமை கேட்டு நிற்கிறான். கண்டிப்பான ஆணையைப் பேரரசர் எத்தனை முறை பிறப்பித்தாலும், ஆளும் பேரும் உள்ளவன் பக்கமே அது சாய்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கீழ்ப்படியவில்லை' என்ற உன் கட்சிக்கு இது வலுச் சேர்க்கும் என்று துள்ளாதே. அந்தப் புரவலர்களுக்குச் சட்டம் நன்றாகவே தெரிந்திருந்தது.

இன்னொரு கடிதம் உன் தொழிலுக்கே உரியது. ஆயரின் மன்றத்தில் வழக்குத் தீர்க்கும் பொறுப்பு அகஸ்டினுக்கு உண்டு. சட்டப் படிப்போ இல்லை. ஆகவே யூஸ்டோகியஸ் என்ற சட்ட அறிஞரிடம் சந்தேகம் கேட்கிறார். தகப்பன் பிள்ளையின் உழைப்பைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்றுவிட்டு இறந்துபோனால், பிள்ளை மிச்ச ஆண்டுகளையும் உழைத்துத் தீர்க்க வேண்டுமா, அல்லது தகப்பன் சாவோடு விடுதலையா? தாய்க்கும் அப்படி விற்கும் உரிமை உண்டா? நிலத்தில் உழும் குடியானவனையோ அவன் பிள்ளைகளையோ நிலக்கிழார் அடிமையாக்க முடியுமா? பதில் நமக்குக் கிடைக்கவில்லை.

ஒப்பந்த வழக்குகளில் முப்பது ஆண்டு வாதாடியவன் நீ. அந்தத் தகப்பன் வழக்கில் யூஸ்டோகியஸின் இடத்தில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாய்? மகளிடமும் கேட்டு எழுது. அவள் உன்னை மறுப்பாள் என்று நினைக்கிறேன். முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்