அது தங்க நட்சத்திரம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான இரண்டாம் உலகப் போர்க் கட்டுரையில், ஒரு பதக்கத்தின் படத்துக்குக் கீழே 'சோவியத் யூனியனின் வீரர் பட்டம்' என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் பட்டத்துக்கு உரியது ஐந்துமுனைத் தங்க நட்சத்திரம். படத்தில் இருப்பதோ வட்டமான வெள்ளிப் பதக்கம். மேலே மூன்று விமானங்கள், நடுவே சிவப்பு எழுத்தில் 'ஸா அத்வாகு', அதன் கீழே டாங்கி. 'துணிவுக்காக' என்பது அந்த ரஷ்யச் சொற்களின் பொருள். 1938 அக்டோபர் 17 அன்று இது நிறுவப்பட்டது.

பெயர் மாறியதைவிட, கட்டுரையில் இதைக் 'கடைநிலைப் பதக்கம்' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதுதான் வருத்தம் தருகிறது. 'ஆர்டர்' எனப்படும் உயர்நிலை விருதுகளுக்குக் கீழே வைத்து அணியப்பட்டது உண்மை. போர்க்காலத்தில் 40 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டதும் உண்மை. ஆனால் சிப்பாய்களிடையே இதற்கு இருந்த மதிப்பே தனி. 1944 ஜூன் 4 ஆணைக்குப் பிறகு, படையில் 10 ஆண்டு பணி முடித்தவருக்குப் 'போர்ச் சேவைக்காக' என்ற பதக்கமும், 15 ஆண்டு முடித்தவருக்குச் செந்நட்சத்திர ஆர்டரும் கிடைத்தன. ஆகவே ஒருவர் மார்பில் செந்நட்சத்திரத்தைப் பார்த்தால், களத்தில் பெற்றதா பணிக்காலத்துக்குப் பெற்றதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 'அத்வாகு' பணிக்காலத்துக்காக யாருக்கும் தரப்பட்டதில்லை. உயிரைப் பணயம் வைத்துக் காட்டிய தனிப்பட்ட துணிவு ஒன்றே தகுதி.

அந்தத் துணிவு எப்படி அளக்கப்பட்டது என்பதற்கு 1941 ஆகஸ்டில் வந்த 281-ஆம் எண் ஆணையே சான்று. களத்திலிருந்து காயம்பட்ட 15 பேரை அவரவர் துப்பாக்கியோடு சேர்த்து மீட்கும் மருத்துவ உதவியாளரை இந்தப் பதக்கத்துக்கோ 'போர்ச் சேவைக்காக' பதக்கத்துக்கோ பரிந்துரைக்கலாம். 25 பேர் என்றால் செந்நட்சத்திரம், 40 என்றால் செங்கொடி ஆர்டர், 80 என்றால் லெனின் ஆர்டர். துப்பாக்கியையும் கொண்டுவந்தால்தான் கணக்கு. குண்டு மழையில் ஓர் ஆளை இழுத்து வருவதே பெரும்பாடு. ஆயுதத்தின் சுமையும் அதோடு சேர்கிறது. செம்யோன் கிரெட்சோவ் என்ற மருத்துவ உதவியாளர் இந்தப் பதக்கத்தை ஆறு முறை பெற்றார்.

1942 நவம்பர் முதல் ரெஜிமென்ட் தளபதியே இதை வழங்கலாம் என்றானது. மேலிடத்துக்குக் கோப்பு போய்த் திரும்பும் தாமதம் அதனால் குறைந்தது. அப்படி வழங்கியபோது தனிப் பரிந்துரைத் தாள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. ரெஜிமென்ட் ஆணையிலேயே சிப்பாயின் பெயரும் அவர் செய்த காரியமும் இரண்டு மூன்று வரிகளில் இருக்கும். அந்த வரிகளைத் தேடிப் படிக்காமல் பதக்கத்தை எடைபோடக் கூடாது.

பதக்கத்தை எங்காவது காண்பவர்களுக்காகச் சில விவரங்கள். விட்டம் 37 மி.மீ., எடை ஏறக்குறைய 28 கிராம். தொடக்கத்தில் சிறிய செவ்வகச் சட்டத்தில் சிவப்பு நாடாவோடு தொங்கியது. பின்னால் திருகும் நட்டும் வைத்து உடுப்பில் பொருத்துவார்கள். 1943 ஜூன் 19 ஆணையால் ஐங்கோணச் சட்டமும், இரு ஓரத்திலும் நீலக் கோடு கொண்ட சாம்பல் நிற நாடாவும் வந்தன. பழைய பதக்கங்கள் பலவற்றைப் பிறகு புதிய சட்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். எனவே பின்புறம் தொடக்ககாலத்துக்குரிய குறைந்த வரிசை எண்ணும் மேலே ஐங்கோணச் சட்டமும் சேர்ந்திருந்தால் உடனே போலி என்று தள்ளிவிட வேண்டாம். போலியை அளவு காட்டிக்கொடுக்கும்: அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கி விட்டம் சற்றுக் குறையும், டாங்கியின் விளிம்புகள் மழுங்கும், பரப்பில் நுண்குழிகள் தெரியும்.

வரிசை எண்ணை மட்டும் வைத்துச் சிப்பாயின் பெயரைக் கண்டுபிடிப்பது கடினம். ஆணைகளில் பெரும்பாலும் பெயர்தான் இருக்கும், எண் இருக்காது. எண்ணும் பெயரும் சேர்ந்திருப்பது அவர் கையிலிருந்த விருதுப் புத்தகத்தில். பதக்கமும் புத்தகமும் பிரிந்துவிட்டால் அடையாளம் பெரும்பாலும் தொலைந்த மாதிரிதான். இரண்டையும் தனித்தனியே விற்பவர்களிடம் வாங்காதீர்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, 'துணிவுக்காக' என்ற பெயரோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை