வேலூர் வெயிலும் இந்த வெயிலும்

சாண்ட்லர், அரிசோனா
மே 18

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இப்போது சீரியல் மருமகள்களின் புடவை நிறம்வரை சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே, சாந்தியிடம் வாசித்துக் காட்டிச் சிரித்தேன். நாங்கள் சுகம். ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருஷம். அதுவரை அதே ஆபீஸ், அதே காபி மெஷின்.

ஜூலையில் நீயும் கார்த்தியும் வருவது சந்தோஷம். ஆனால் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அடிவரை இறங்கி ஒரே நாளில் ஏறிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். "கத்திரி வெயிலில் கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள்டா நாம்" என்கிறாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

ஜூன் மாசம். பீனிக்ஸ் நகருக்குள்ளேயே இருக்கும் பியஸ்டேவா மலை. ஏற்றம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஒன்பது மணிக்குக் கிளம்பினேன், கையில் ஒரே ஒரு பாட்டில். வேர்க்கவே இல்லை, பரவாயில்லையே என்று நினைத்தேன். வேர்க்காமல் என்ன! வேர்த்த கணமே காய்ந்துவிடுகிறது. நம் ஊரில் சட்டை முதுகில் ஒட்டும், தானாக நிழலைத் தேடுவோம். இங்கே அந்த நச்சரிப்பே கிடையாது. சாந்தி காலையில் பிழியும் வடாம் மத்தியானத்துக்குள் சலசலவென்று உதிர்ந்து வருகிறது. உடம்புக்கும் அதே கதிதான். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வெளியே போய்விடும்.

இறங்கும்போது கறுப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளையாக உப்புக் கோடு. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர் டீ போடலாம் போலச் சுட்டது. பையின் ஜிப்பைத் திறக்க விரல் சொன்னபடி கேட்கவில்லை. எனக்கோ அது வேடிக்கையாக இருந்தது. தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேனாம். எதிரே வந்த ஒரு வயசான அம்மாள் என்னைப் பாறை நிழலில் உட்காரவைத்து, தன் தண்ணீரையெல்லாம் என் தலையிலும் சட்டையிலும் ஊற்றி, தொப்பியால் விசிறினார். சூடு தலைக்கேறினால் முதலில் போவது புத்தி, சேகர். நமக்கு ஆபத்து என்பதே நமக்குத் தெரியாது.

இப்போது அந்த மலையையும் கேமல்பேக் மலையையும் கடும் வெயில் எச்சரிக்கை உள்ள நாட்களில் பகலில் மூடிவிடுகிறார்கள், 2021 முதல். நல்ல காரியம், இல்லாவிட்டால் மீட்கப் போகிறவர்களும் சேர்ந்து விழுவார்கள். 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த வருஷம் எங்கள் மாரிகோபா கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வெப்பம் தொடர்பான சாவுகள் 645. அதில் மலையேறியவர்கள் கொஞ்சம்தான். வீடில்லாதவர்களும், ஏசி கெட்டுப்போன வீட்டில் இருந்த பெரியவர்களும்தான் அதிகம்.

கேன்யன் இன்னும் தந்திரமானது. நம் ஏலகிரியில் முதலில் ஏறுவோம், முடியாவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ். மேல் விளிம்பு 2,100 மீட்டர் உயரம், காலையில் சிலுசிலுவென்று இருக்கும். இறங்க இறங்கச் சூடு கூடும். கொலராடோ ஆற்றங்கரையில் மேலே இருப்பதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் அதிகம். ஏற்றம் வருவதோ கால் ஓய்ந்த பிறகு, பொசுக்கும் மத்தியானத்தில். 2004-இல் பாஸ்டன் மராத்தான் ஓடிய 24 வயசுப் பெண்ணே அங்கே உடம்பில் நீர் வற்றி இறந்துபோனாள். நீயும் நானும் முழங்காலுக்குத் தைலம் தடவும் ஆட்கள்.

அதனால் என் திட்டம் இது. விடியற்காலையிலேயே பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் இறங்கி, பத்து மணிக்குள் மேலே வந்துவிடுகிறோம். பத்திலிருந்து நாலு மணிவரை உள்ளே நடக்க வேண்டாம் என்று கேன்யன் தேசியப் பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். கார்த்திக்கு ஆசை அடங்காவிட்டால் நவம்பரில் போகட்டும், இங்கேதானே படிக்கப்போகிறான்.

அப்புறம், வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினாலும் உடம்பில் உப்புக் குறைந்து ஆபத்தாகிவிடும். ஏதாவது உப்பாகத் தின்றுகொண்டே நடக்க வேண்டும். அம்மா போடும் உப்பு நார்த்தங்காய் இருக்கிறதா? ஒரு பாட்டில் நன்றாகக் கட்டி எடுத்து வா. பாதி கேன்யனுக்கு. பாதி எனக்கு, மோர் சாதத்துக்கு.

அன்புடன்,
ரவி