உயரம் கேட்காத பரிசோதனைச் சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளிலும், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவுக்கு எதிரே பெரியவர்களுக்குரிய 0.6 முதல் 1.2 வரை என்ற வரம்பையே பல பரிசோதனைக் கூடங்கள் அச்சிட்டுத் தருகின்றன.

கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு என்பதால், நான்கு வயதுக் குழந்தைக்கு 0.3, 0.4 என இருப்பதே இயல்பு. 100 செ.மீ. உயரமுள்ள அப்படியொரு குழந்தைக்கு 0.8 என்று வந்தால், வரம்புக்குள் அடங்கிவிடுவதால் தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இன்றிச் சீட்டு கைக்கு வரும். பெற்றோரும் 'எல்லாம் நார்மல்' என்று நிம்மதியாக வீடு திரும்புவார்கள். ஆனால் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் ஜார்ஜ் ஸ்வார்ட்ஸ் குழுவினர் 2009இல் திருத்தி வெளியிட்ட சூத்திரப்படி, சென்டிமீட்டரில் உயரத்தை 0.413ஆல் பெருக்கிக் கிரியேட்டினினால் வகுத்தால், அக்குழந்தையின் சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறத்தாழ 52தான். இரண்டு வயது கடந்தவர்களுக்கு இது 90க்கு மேல் இருக்க வேண்டும். 0.413க்குப் பதிலாக, பழைய சூத்திரத்தின் 0.55ஐப் பழக்கத்தால் இன்னும் பயன்படுத்துவோருக்கு இதே குழந்தையின் கணக்கு 69 என்று வரும். அந்த எண் வேறொரு பரிசோதனை முறைக்காக வகுக்கப்பட்டது என்பதால், எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் சீட்டு சொல்ல வேண்டும்.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. ஊட்டக்குறைவால் மெலிந்த குழந்தைக்குத் தசை குறைவு என்பதால் திறன் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அங்கே, செலவு சற்று அதிகமானாலும், தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை உதவும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றி, கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும்போது இக்கணக்கை நம்பவே கூடாது. எனினும் அமிக்காசின் போன்ற, சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்துகளின் அளவையும் இடைவெளியையும் முடிவுசெய்ய, வெறும் கிரியேட்டினின் எண்ணைவிட இது எவ்வளவோ மேல்.

பரிசோதனைக்கு எழுதும் படிவத்தில் பெயர், வயது, பாலினம் கேட்கிறோம். உயரத்துக்கும் ஒரு கட்டம் சேர்ப்பதில் செலவேதும் இல்லை. (குழந்தையை நிற்கவைத்து உயரம் அளக்கும் பொறுமைதான் நம் புறநோயாளிப் பிரிவுகளில் அரிது.) உயரம் தரப்பட்டால் வடிகட்டும் திறனையும் சேர்த்து அச்சிடவும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சூத்திரத்தைத் தவிர்த்து வயதுக்கேற்ற வரம்பை மட்டும் தரவும் பரிசோதனைக் கூடங்களுக்குச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர்,
மதுரை.