கோட்டிங் போட்ட கடை பில்லில் என்ன எழுதிக் கொடுத்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் காருக்கு, பெயிண்டைக் காக்கும் கோட்டிங் போட்டு ஏமாந்ததை எழுதியிருந்தார். ஐந்து வருட வாரண்டி என்று சொல்லிப் பணத்தை வாங்கினார்கள், சில மாதங்களிலேயே பளபளப்பு போய்விட்டது, கேட்கப் போனால் கடைக்காரர் கையை விரித்துவிட்டார், ஆகவே காரைக் கழுவி மெருகேற்றும் இந்த டிட்டெய்லிங் தொழிலே பித்தலாட்டம் என்று முடித்திருந்தார். அவருடைய வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் பினாங்கு மாநிலத்தின் பிறையில் என் தம்பியோடு சேர்ந்து நான் இந்தத் தொழிலைச் செய்துதான் பிழைக்கிறேன். இங்கே நிறையப் பேர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறார்கள். செய்த வேலையை எழுதிக் கொடுக்காமலேயே விற்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதுதான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் கடைப் பெயரை நான் குறிப்பிடவில்லை.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு காருக்குப் பூசும் செராமிக் கோட்டிங் மருந்து 30 அல்லது 50 மில்லி குப்பியில் வரும். வாடிக்கையாளர் கண்ணில் படுவது அந்தக் குப்பியும், அதன் பெட்டியும், கூடவே தரும் வாரண்டி அட்டையும்தான். நாங்கள் வாங்கும் கட்டணத்தில் பெரும்பங்கு குப்பியைத் திறப்பதற்கு முன்னால் நடக்கும் வேலைக்குப் போகிறது. நுரை போட்டு மண்ணை இறக்கி, இரண்டு வாளி வைத்துக் கழுவுவோம். சோப்புத் தண்ணீர் ஒன்றில், கையுறையை அலசும் தண்ணீர் இன்னொன்றில். பிறகு இரும்புத் தூள் எடுக்கும் மருந்தை அடிப்போம். தொழிற்பேட்டைப் பக்கம் நிறுத்தி வைக்கும் கார்களில் பிரேக் தூளும் இரும்புத் துகளும் பெயிண்டில் குத்திக்கொண்டு இருக்கும். மருந்து பட்டதும் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து, பெயிண்டே கரைகிறது என்று பதறியதும் உண்டு. அடுத்து தார்ப்புள்ளி எடுப்பது, களிமண் கட்டியால் தேய்த்து மிச்ச அழுக்கை எடுப்பது. எல்லாம் முடிந்து விளக்கை அடித்துப் பார்த்தால்தான் பெயிண்டின் உண்மையான நிலை தெரியும். தெருவோரம் அழுக்குத் துணியால் துடைத்துத் துடைத்து வட்ட வட்டமாக விழுந்த கோடுகள், பறவை எச்சம் அரித்த தடம், மழைத்தண்ணீர் சூட்டில் காய்ந்த புள்ளிகள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அவற்றை எடுக்கத்தான் மெஷின் பிடித்து, பெயிண்டின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுக்கும் கம்பவுண்ட் பசையைப் போடுகிறோம். தொழிலின் ஆபத்தே இந்த இடத்தில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பெயிண்ட் மொத்தமும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றே ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது அந்த மெல்லிய கிளியர் கோட்தான். ஒவ்வொரு முறை கம்பவுண்ட் போடும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. போனதைத் திரும்ப வைக்க எந்தக் குப்பியாலும் முடியாது.

நான் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் க்யூ.சி. எனும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே அளந்து எழுதிக் கையெழுத்துப் போடாமல் எதுவும் அடுத்த மேசைக்குப் போகாது. தம்பி கடை போடுகிறேன் என்றபோது, பாலிஷ் மெஷினுக்கு முன்னால் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியை வாங்கு என்றேன். போனட்டில் அதை வைத்தால் ஒரு நொடியில் எண் வந்துவிடும். அந்தக் கருவி எங்கள் கடைக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது.

பெர்மாத்தாங் பாவிலிருந்து ஒரு டீச்சர் கறுப்பு நிற பெஸ்ஸா காரைக் கொண்டுவந்தார். வேறொரு கடையில் 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக் கோட்டிங் போட்டிருக்கிறார். "என்ன தம்பி, கோட்டிங் போட்டா கோடே விழாதுன்னாங்க, இப்பப் பாருங்க, கார் முழுக்கக் கோடு" என்றார். தம்பி தண்ணீரைத் தெளித்துக் காட்டினான். தண்ணீர் முத்து முத்தாக நின்றது. "கோட்டிங் இன்னும் இருக்கு டீச்சர். கோடுங்க அதுக்கு அடியில இருக்கு" என்றான்.

நடந்தது இதுதான். கோடுகளை எடுக்காமல், எண்ணெய்ப்பசை கலந்த பாலிஷால் அவற்றை நிரப்பி மறைத்து, அதன் மேலேயே கோட்டிங்கை இழுத்துவிட்டிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. புதிதாகப் பார்க்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். எண்ணெய்ப்பசை போகப் போகக் கோடுகள் தலைகாட்டும். அதைவிட மோசமானது போனட்டின் மடிப்பு விளிம்பில் இருந்தது. நடுவில் அளந்தால் 118, 115 என்று வந்தது. விளிம்பில் வைத்தால் 74. யாரோ மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அந்த இடம் ஏற்கெனவே சாம்பல் பூத்தது போல மங்கத் தொடங்கியிருந்தது. இனி மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான் என்று சொன்னபோது டீச்சர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அவரிடம் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "கோட்டிங் பேக்கேஜ், 5 வருடம்" என்று ஒரே வரி. கீழே தொகை. காரை விடும்போது போனட் எத்தனை மைக்ரான் இருந்தது, கம்பவுண்ட் போட்டார்களா இல்லையா, எந்த மருந்து, எத்தனை பூச்சு, வாரண்டி கொடுப்பது கடையா மருந்து நிறுவனமா, எதுவும் இல்லை. நாளைக்கு அந்தக் கடைக்காரர் "கார் வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்று சொன்னால் டீச்சர் எதை வைத்து மறுப்பார்?

நம் மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். பழுதுபார்க்கும் பட்டறைகள் பயனீட்டாளருக்கு என்னென்ன விவரங்களைத் தர வேண்டும் என்பதற்கு அதே சட்டத்தின் கீழ் 2002இல் தனி விதிமுறையே வந்தது. டிட்டெய்லிங், கோட்டிங், பி.பி.எஃப். (பெயிண்டின் மேல் ஒட்டும் பாதுகாப்புப் படம்) கடைகள் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு அதே போலத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைக் கையில் எடுத்தால் இன்னும் நல்லது.

இதற்கு அவசரம் இருக்கிறது. 2024இல் மட்டும் இந்த நாட்டில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான புதிய வாகனங்கள் விற்றன. புதுக் கார் வாங்குகிறவரிடம் விற்பனையாளரே கோட்டிங்கையும், கண்ணாடியில் ஒட்டும் டிண்டட் கறுப்புப் படத்தையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார். பேரங்காடி வளாகத்தில் மேசை போட்டு விற்கிறார்கள். சமூக ஊடகத்தைத் திறந்தால் 399 வெள்ளிக்கு 9எச் கோட்டிங், ஆயுள் முழுக்க உத்தரவாதம். அந்த 9எச் என்பது பென்சில் சோதனை. தரம் பிரித்த பென்சில்களால் பூச்சின் மேல் கோடு போட்டுப் பார்ப்பார்கள், 9எச் பென்சிலாலும் கீற முடியாவிட்டால் அந்தப் பெயர். நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறிக்கும் கல்லை அது தடுக்காது. சாவியால் இழுத்தால் கோடு விழத்தான் செய்யும். அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம், வெயிலையும் பறவை எச்சத்தையும் ஓரளவு தாங்கும். இவ்வளவுதான் அதன் வேலை, இதுவே நல்ல வேலைதான். இதைச் சொல்லியே விற்கலாம், வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்.

கல்லைத் தாங்க வேண்டுமானால் பி.பி.எஃப். படம்தான் ஒட்ட வேண்டும். டி.பி.யு. என்கிற பாலியூரித்தேன் படம், பெயிண்டைவிடவும் தடித்தது, லேசான கீறல் விழுந்தால் சூட்டில் தானாகவே மறையும். 2022 டிசம்பரில் பி.ஒய்.டி. வந்த பிறகும், 2023இல் டெஸ்லா வந்த பிறகும் மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். முழுக் காருக்குப் போட்டால் பல ஆயிரம் வெள்ளி ஆகும். அவ்வளவு பெரிய தொகைக்கும் அதே ஒரு வரி பில்தான்! டி.பி.யு. என்று சொல்லி மலிவு பி.வி.சி. படத்தை ஒட்டிவிட்டால் மஞ்சளாகும்போதுதான் வாடிக்கையாளருக்கே தெரியும். படத்தை காரின் மேலேயே வைத்துக் கத்தியால் அறுக்கும் இடங்களும் உண்டு. படத்தைப் பிரிக்கும் நாள் வரும்போது பெயிண்டில் கத்திக்கோடு தெரியும். நிறம் மாற்றும் படம் ஒட்டுகிறவர்களுக்கு, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.வில் நிற மாற்றத்தைப் பதிய வேண்டும் என்பதைக்கூடச் சில கடைகள் சொல்வதில்லை. முன் கண்ணாடிக்கு 70 விழுக்காடும் முன் கதவுக் கண்ணாடிகளுக்கு 50 விழுக்காடும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது டிண்டட் விதி. அதையும் மீறி இருட்டாக ஒட்டிவிட்டு, சம்மன் வந்தால் வாடிக்கையாளர் பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

கடைக்காரர்கள் பக்கம் கஷ்டம் இல்லாமல் இல்லை. வாடகை ஏறுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அதை நான் ஆதரிக்கிறேன், நல்ல கைக்காரனுக்கு அதற்கு மேலேயே கொடுக்க வேண்டும். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றத் தண்ணீர் நின்றபோது கடையைச் சாத்தினோம். இத்தனைக்கும் நடுவில் ஒழுங்காகக் கம்பவுண்ட் போட்டு முடிக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும் காரை, பக்கத்தில் ஒருவர் காலையில் வாங்கி மாலையில் பாதி விலைக்குக் கொடுத்துவிடுகிறார். இரண்டு பில்லிலும் ஒரே வார்த்தைகள்தான் என்றால் வாடிக்கையாளர் விலை குறைந்த இடத்துக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நம் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வு முடித்ததும் கார் கழுவும் கடைதான் பலருக்கு முதல் வேலை. சேர்ந்த வாரமே கையில் ரோட்டரி பாலிஷ் மெஷினைக் கொடுத்துவிடுகிறார்கள். டீச்சர் காரின் விளிம்பைத் தேய்த்த பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. விளிம்பில் டேப் ஒட்ட வேண்டும், அங்கே பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், மெஷினில் மாட்டும் பேட் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எங்களிடம் வரும் பையன்களைப் பழைய இரும்புக்கடையிலிருந்து வாங்கிய போனட்டில்தான் முதலில் பழக விடுகிறோம். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் அவர்களே அளந்து நோட்டில் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வந்த பையன் வேறு எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். இந்தியச் சிறுதொழில் செய்வோருக்கு அரசின் தெக்குன் நேஷனல் தரும் ஸ்பூமி கடனை வாங்கி மெஷின் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும், அது நல்ல உதவி. கடனோடு முறையான கைப்பயிற்சியும் சேர்ந்து கிடைக்க நம் இயக்கங்களும் தலைவர்களும் முயற்சி எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரை விடும் முன் கைப்பேசி விளக்கை அடித்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். போனட், கூரை, நான்கு கதவு எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னே அளக்கச் சொல்லி, அந்த எண்களையும் செய்யப்போகும் வேலைகளையும் மருந்தின் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடைக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஞாயிறு பதிப்பில் எழுதிய வாசகருக்கும் சொல்கிறேன். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அளவு கருவி வைத்திருக்கும் வேறொரு கடையில் காரைக் காட்டி, இப்போதைய நிலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பில்லும் வாரண்டி அட்டையும் விளம்பரத்தின் படமும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

இங்ஙனம்,
டிட்டெய்லிங் கடை நடத்தும் வாசகி,
பிறை, பினாங்கு