கழகம் மாறக் கடிதம் எதற்கு?

ஆசிரியருக்கு,

ஐயா, கிளிநொச்சிப் பக்கம் பரந்தன் சந்திக்குக் கிட்ட சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்திக் கொடுக்கிறவன் நான். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு ஆறு வருடமாகப் பொருளாளர். பொருளாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு பிஸ்கற் ரின், அதற்குள் எந்த நாளும் ஐயாயிரத்துக்குக் குறைவான காசு. கழகத்தின் திறைசேரி அவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் பகுதிக் கழகங்கள் ஏழும் பொதுநோக்கு மண்டபத்தில் கூடின. அடுத்த வருடக் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு விதி எழுதத்தான் கூட்டம். மூன்றாவது விதியாக ஒன்று வாசிக்கப்பட்டது, இதுவரை வழக்கமாக மட்டும் இருந்ததுதான். ஒரு வீரர் கழகம் மாறுவதென்றால் பழைய கழகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாமல் மாறினால் இரண்டு வருடம் எந்தக் கழகத்துக்கும் இறங்க முடியாது. பெடியள் இந்தக் கடிதத்துக்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள், விடுகைப் பத்திரம் என்று. வாசித்து முடியமுன்னமே ஐந்து கை உயர்ந்தது. வெளிநாட்டுக் காசு வருகிற ஒரு கழகம் நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது, மற்றக் கழகங்கள் வலை கட்டவும் ஆளில்லாமல் நிற்கின்றன, கழகங்களுக்குள் ஒரு சமநிலை வேண்டும் என்று காரணம் சொன்னார்கள்.

அள்ளிக்கொண்டு போவது உண்மை. நானே கண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு இந்த விதி மருந்தாகாது. அன்று கூட்டத்தில் எனக்கு வாய் வரவில்லை. கையை உயர்த்தவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, தேத்தண்ணி குடிக்க வெளியே போய்விட்டேன். எழுத்தில் என்றால் ஆறுதலாகச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். இடையில் கொஞ்சம் அமெரிக்கா வரை போய்வர வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் மகன் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு வயல் தெரியாது, எனக்குப் பனி தெரியாது. எங்களைக் கதைக்க வைத்தது கூடைப்பந்துதான். எங்கள் ஊரில் கூடைப்பந்துத் திடல் கிடையாது. பள்ளிக்கூடத்து வலைப்பந்து வளையத்தில்தான் பெடியள் எறிந்து பார்ப்பார்கள். இரண்டுக்கும் உயரம் பத்தடிதான், பின்னால் பலகை மட்டும் இல்லை. அங்கே இரவு எட்டரை ஒன்பதுக்குத் தொடங்குகிற என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி) இறுதியாட்டம் இங்கே விடிய ஆறு ஆறரைக்கு. கடைக்கு ஆட்கள் வரமுன்னம் ஃபோனைக் கொம்பிறசரில் சாய்த்து வைத்துப் பார்த்துவிடலாம்.

2018 ஆடியில் ஒருநாள் வட்ஸ்அப்பில் அவனுடைய குரல் வந்தது. "மாமா, டிரோசனை வித்துப்போட்டாங்கள்." செத்தவீட்டுக் குரல். டிமார் டிரோசன் ரொறன்ரோக் கழகத்துக்கு ஒன்பது பருவம் விளையாடியவர். அவரைச் சான் அன்ரோனியோக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுக் கவாய் லெனார்ட்டை எடுத்தார்கள். அடுத்த வருடமே ரொறன்ரோ முதன்முதலாகக் கிண்ணம் எடுத்தது. எங்கள் நேரப்படி 2019 ஆனி 14, வெள்ளிக்கிழமை காலை; 114க்கு 110. ஓட்டை ரியூப்போடு வந்த ஒருவர், என்ன ஏது என்று விளங்காமலே என்னோடு சேர்ந்து கடைசி நிமிடத்தைப் பார்த்தார். மருமகன் திரும்பவும் அழுதான், சந்தோசத்தில். மூன்று கிழமைதான் போயிருக்கும். ஒப்பந்தம் முடிந்த லெனார்ட், லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். ரொறன்ரோவின் கைக்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை.

"துரோகி, மாமா" என்றான்.

அந்தச் சொல்லை இந்த மண்ணில் யார் யாருக்கு எவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியாது. அதைப்பற்றி நான் கதைக்கப் போகவில்லை. "டிரோசனைக் கழகம் அனுப்பேக்க கழகத்தை என்னெண்டு சொன்னனீ?" என்று மட்டும் கேட்டேன்.

"அது பிஸ்னஸ் மாமா."

அன்றிலிருந்து இந்தக் கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கழகம் ஆளை அனுப்பினால் வியாபாரம், ஆள் தானாகப் போனால் துரோகமா? 2010 இல் லெப்ரோன் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனபோது அவருடைய சட்டைகளைத் தெருவில் எரித்தார்கள். அந்த வலி எனக்கு விளங்காமல் இல்லை. அவர் இருந்த கடைசிப் பருவத்தில் 61 ஆட்டம் வென்ற கழகம், அடுத்த பருவத்தில் 19 தான் வென்றது. ஒரு ஆள் போனால் கழகம் படுத்துவிடும் என்ற பயம் கிளீவ்லாந்திலும் ஒன்றுதான், எங்கள் கண்டாவளையிலும் ஒன்றுதான்.

அதற்காக ஆளைக் கட்டி வைத்தால் சமநிலை வந்துவிடுமா? அங்கே அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். முந்தி ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் மேலுள்ள உரிமை கழகத்திடமே இருக்கும். நினைத்தபடி அடுத்த கழகத்துக்குப் போக முடியாது. அந்தக் காலத்தில்தான் பொஸ்ரன் கழகம் 1959 இலிருந்து 1966 வரை இடைவெளியே விடாமல் எட்டுக் கிண்ணம் எடுத்தது. அப்போது மொத்தமே எட்டு ஒன்பது கழகங்கள்தான், அதையும் சொல்லவேண்டும். 1970 இல் வீரர் சங்கத் தலைவராக இருந்த ஒஸ்கார் ரொபேட்சன் வழக்குப் போட்டார். 1976 இல் இணக்கத்துக்கு வந்து கதவு கொஞ்சம் திறந்தது. பழைய கழகம் குறுக்கே நிற்காமல் ஒரு வீரர் முழுதாக வெளியே போகும் வழி 1988 இல்தான் வந்தது. இன்றைக்கு முப்பது கழகங்கள். 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ரொறன்ரோ, லேக்கர்ஸ், மில்வோக்கி, கோல்டன் ஸ்ரேற், டென்வர், பொஸ்ரன், ஒக்லஹோமா சிற்றி என்று ஏழு கழகங்கள் வென்றிருக்கின்றன. ஒன்றுகூட இரண்டு தடவை இல்லை. வீரர்கள் ஓடித்திரிகிறார்கள் என்று எல்லாரும் குறைப்படுகிற காலத்தில்தான் இது நடந்திருக்கிறது.

அவர்கள் கயிற்றைப் பெடியனின் காலில் கட்டாமல் பணப்பையில் கட்டினார்கள். ஒரு கழகம் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று 1984–85 பருவத்தில் 36 இலட்சம் டொலரில் வரம்பு வைத்தார்கள். 2024–25 இல் அது 14 கோடி டொலருக்குச் சற்று மேல். அதைத் தாண்டச் சில வழிகள் உண்டு. ஆனால் ஒரு மட்டத்துக்கு மேலே போனால் வரி, அந்த வரியில் ஒரு பங்கு மேலே போகாத கழகங்களுக்கு. இன்னும் மேலே போனால் ஆள் மாற்றுவதற்கே கையைக் கட்டிவிடுவார்கள். கஞ்சத்தனத்துக்கும் விதி இருக்கிறது. வரம்பில் நூற்றுக்குத் தொண்ணூறாவது சம்பளமாகக் கொடுத்தே தீரவேண்டும். இந்தக் கயிறு ஒருமுறை இளகியது. 2016 இல் வரம்பு ஏழு கோடியிலிருந்து 9.4 கோடிக்கு ஒரே பாய்ச்சலில் ஏற, அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் வென்றிருந்த கோல்டன் ஸ்ரேற் கழகத்துக்கே கெவின் டுராண்டும் போய்ச் சேர்ந்தார். 2017 உம் 2018 உம் கிண்ணம் அவர்களுக்கே.

டுராண்ட் விட்டுப்போன கழகம் ஒக்லஹோமா சிற்றி. பெரிய நகரங்களுக்கு நடுவில் எங்கள் கிளிநொச்சி மாதிரி ஒரு ஊர். பதிலுக்கு ஒரு சதமும் வரவில்லை. ஆனால் மருமகன் 'துரோகி' என்றானே, அந்த லெனார்ட் கிளிப்பர்ஸுக்குப் போன அதே இரவு, கிளிப்பர்ஸ் இன்னொரு ஆளையும் தேடியது. ஒக்லஹோமா தன் வீரரான போல் ஜோர்ஜைக் கொடுத்துவிட்டு, அப்போது இருபது வயதுப் பெடியனான ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரையும், வருங்காலப் புது வீரர் தெரிவுகளில் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் ஐந்து வாய்ப்புகளையும் வாங்கிக்கொண்டது. 2025 இல் கிண்ணம் அவர்களுக்கு. ஷே கனடாக்காரன் என்பதால் மருமகனுக்கு இப்போது எல்லாம் சரி.

புது வீரர்களை எடுக்கும் முறையையும் சொல்லவேண்டும். பின்னுக்கு நிற்கிற கழகங்களுக்குத்தான் முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு அதிகம், 2025 இல் கடைசி மூன்றுக்கும் தலா 14 வீதம். பிங்பொங் பந்துகளை உருட்டிக் குலுக்கிப் பார்ப்பார்கள். 2025 மாசியில் தன் நட்சத்திர வீரர் லூகா டொன்சிச்சை நடுச்சாமத்தில் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஊர் முழுக்கத் திட்டு வாங்கிய டலஸ், வைகாசிக் குலுக்கலில் வெறும் 1.8 வீத வாய்ப்போடு முதலிடம் எடுத்தது. கள்ளக் குலுக்கல் என்கிறான் மருமகன். சந்தியில் லொத்தர் விற்கிற ஐயாவிடம் பரிசு விழாதவர்கள் எல்லாரும் சொல்வதும் அதைத்தான்.

இனி ஊருக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

எங்கள் கழகத்தில் ஒரு பெடியன். பத்தொன்பது வயது. தகப்பன் இல்லை, தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவ, விடிய ஐந்தரைக்கு பஸ். வலைக்கு மேலே முழங்கை தெரிய எழும்பி அடிப்பான். அவனுடைய சப்பாத்தின் அடி கழன்றபோதெல்லாம் ரியூப் ஒட்டுகிற சொலூசன் பூசி, வைசில் இறுக்கி ஒட்டிக் கொடுத்தவன் நான், மூன்று தடவை. நாலாவது தடவை ஒட்ட அதில் ரப்பர் மிச்சமில்லை. போன வருடம் அந்தக் காசுள்ள கழகம் அவனைக் கேட்டது. புதுச் சப்பாத்து, ஆட்டத்துக்கு 2,500 ரூபா, போய்வரப் பெற்றோல். அரைத் தாளில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்து, மரியாதையாகக் கடிதம் கேட்டான். நிர்வாகம் கூடி, 'கழகத்தின் நலன் கருதி' மறுத்தோம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று கையெழுத்து. மூன்றாவது என்னுடையது.

அவன் அங்கேயும் விளையாடவில்லை, எங்களுக்கும் வரவில்லை. இப்போது மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறான். நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம்.

அந்த மறுப்பு எப்படி இருக்கும் என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போடவில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக் கழகங்கள் இங்கே வந்து விளையாடின. அடுத்த வருடம் அதில் ஒன்று என்னைக் கேட்டது. எனக்கு 24 வயது. எங்கள் பக்கம் கரப்பந்தில் ஓவர்கேம் என்கிற ஆட்டமுறைதான் அப்போது. செற்றிங் என்கிற மற்ற முறையைப் பழக எனக்குப் பெரிய ஆசை. அப்போதிருந்த நிர்வாகம் கடிதம் தரவில்லை. "ஊரை விட்டுப் போறவனுக்கு என்ன கடிதம்?" என்று ஒரு கதை. அந்தப் பருவம் முழுக்க மைதானத்து வேப்பமரத்துக்குக் கீழே சைக்கிளில் இருந்தபடியே ஆட்டம் பார்த்தேன். 2010 இல் மீளக்குடியேறி வந்தபோது அதே மைதானத்தைச் சுற்றி மிதிவெடி நாடா கட்டியிருந்தது, வேம்பும் இல்லை. செற்றிங் நான் பழகவே இல்லை. இவ்வளவும் தெரிந்த கைதான் போன வருடம் கையெழுத்துப் போட்டது.

வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜேர்சி அடிக்கட்டும், மைதானத்துக்கு லைற் போடட்டும். ஆனால் ஆடுகிற ஆறு பேரில் வெளியூர் ஆட்கள் இரண்டு பேர்தான் என்று எழுதுங்கள், காசு எவ்வளவு இருந்தாலும் மூன்றாவது ஆளை வாங்க முடியாது. தைப்பொங்கலுக்கு முதல் எல்லாக் கழகமும் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கட்டும்; அதற்குப் பிறகு இறுதியாட்டம் வரை ஒருவரும் மாறக்கூடாது. அதற்கு முதல் ஒருவரிடமும் கடிதம் கேட்காமல் யாரும் எங்கேயும் போகலாம். ஆளை எடுத்த கழகம், வளர்த்த கழகத்துக்கு இரண்டு பந்தும் ஒரு வலையும் வாங்கிக் கொடுக்கட்டும். நான் கடைசியாக வாங்கிய பந்து 6,500 ரூபா, கொப்பியில் இருக்கிறது. அனுசரணைக் காசில் பத்தில் ஒன்று கடைசி இரண்டு கழகங்களுக்குப் போகட்டும். கழகமே இல்லாத புதுக் குடியேற்றங்களில் விளையாடக்கூடிய பெடியள் இருக்கிறார்கள். அவர்களை முதலில் கேட்கும் உரிமையைக் கடைசிக் கழகத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பெடியன் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். பத்தொன்பது வயதுக்காரன் எந்த ஊரில் வாழவேண்டும் என்று பிங்பொங் பந்து சொல்கிற வேலை எங்களுக்கு வேண்டாம். டிரோசனுக்குச் செய்த மாதிரி ஆளைக் கேட்காமல் மாற்றுகிற வேலையும் வேண்டாம்.

இப்படிச் செய்தால் எங்கள் கழகம் உடைந்துவிடும் என்று தலைவர் சொல்கிறார். உடையலாம். மூன்று பேராவது போவார்கள், யார் யார் என்றும் எனக்குத் தெரியும். அதில் ஒருவன் என் தம்பியின் மகன்.

அடுத்த கூட்டம் வருகிற மாதம் முதல் ஞாயிறு, காலை ஒன்பதுக்கு. மறுப்புக் கடிதத்தின் பிரதி என் கொப்பிக்குள் இருக்கிறது, அதைக் கொண்டுவந்து வாசிக்கப் போகிறேன். அந்தப் பெடியனையும் வரச் சொன்னேன். "ஞாயிறு கொங்கிறீற் போடுற வேலை இருக்கண்ணை, பின்னேரம் எண்டால் வாறன்" என்றான். ஆகவே கூட்டத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு மாற்றும்படி மற்ற ஆறு கழகங்களையும் இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கழகப் பொருளாளர்,
பரந்தன்.