டொரண்ட் மெதுவாக இறங்குவது பற்றி, குலசேகரத்து நண்பனுக்கு

வடசேரி, நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, உன்னை அடிக்கடி விசாரிக்கிறாள். வாசகசாலைக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் கிடைத்திருப்பதும், அவற்றில் லினக்ஸ் போட்டு தமிழ் விக்கிப்பீடியாவை நெட் இல்லாமலே படிக்கிற மாதிரி கிவிக்ஸ் என்ற மென்பொருளில் வைக்கப்போவதும் நல்ல காரியம். பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

டொரண்ட், அதாவது ஒரே கோப்பைப் பலருடைய கம்ப்யூட்டர்களிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை, உன் 40 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 350 கேபிக்கு (கிலோபைட்) மேல் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாய். முதலில் கணக்கைச் சரிபார். லைன்காரர் சொல்வது பிட், டொரண்ட் இறக்க நீ வைத்திருக்கும் கியூபிட்டொரண்ட் காட்டுவது பைட், ஒரு பைட் எட்டு பிட். எட்டால் வகுத்தால் உன் லைனின் உச்சம் விநாடிக்கு 5 மெகாபைட். நடைமுறையில் நாலரை வந்தாலே முழு வேகம். 350 கேபி என்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் எங்கேயோ அடைப்பு இருக்கிறது, நீ சந்தேகப்பட்டது சரிதான். பேச்சிப்பாறையில் ஷட்டர் திறந்த பிறகும் கடைவரம்புக்குத் தண்ணீர் வராவிட்டால் கால்வாய் நெடுக நடந்து பார்ப்பார்களே, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும். எல்லா செட்டிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றாதே. எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

அடைப்பு உன் பக்கமா, டொரண்ட் பக்கமா என்பதை முதலில் பிரித்துவிடு. உபுண்டுவோ டெபியனோ, ஏதாவது ஒரு லினக்ஸ் வகையை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து இப்போதைய பதிப்பின் டொரண்டை எடுத்துப் போடு. அதற்கு எப்போதும் நூற்றுக்கணக்கில் சீட், அதாவது முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குத் தருபவர்கள், இருப்பார்கள். அது முழு வேகத்தில் வந்தால் உன் லைனிலும் செட்டிங்கிலும் குறையில்லை, நீ இறக்கிக்கொண்டிருந்த பழைய டொரண்டில்தான் ஆள் இல்லை. அப்போது ‘அவைலபிலிட்டி’ என்ற எண்ணைப் பார். அது 1-க்குக் கீழே, 0.97 என்று நின்றால் இப்போது இணைந்திருக்கும் எல்லாரிடமும் உள்ளதைச் சேர்த்தாலும் முழுக் கோப்பு கிடையாது. 97 சதவீதத்தில் வந்து நின்றுவிடும். எந்த செட்டிங்காலும் அதை அசைக்க முடியாது. முழுக் கோப்பு வைத்திருக்கும் ஒருவர் வரும்வரை காத்திரு, அல்லது வேறு டொரண்ட் தேடு.

உபுண்டுவும் மெதுவாகத்தான் வருகிறது என்றால் கியூபிட்டொரண்ட் ஜன்னலின் அடிப்பட்டையைப் பார். பச்சை உருண்டை இருந்தால் வெளியிலிருந்து உன்னை அணுக முடிகிறது. தீச்சுடர் படம் இருந்தால் முடியவில்லை. பிறகு டொரண்டைத் தேர்ந்தெடுத்து கீழே ‘பியர்ஸ்’ பக்கத்தைத் திற, உன்னோடு இணைந்திருக்கும் மற்றவர்கள் அதில் இருப்பார்கள். ‘ஃபிளாக்ஸ்’ என்ற பத்தியில் ஒவ்வொருவர் எதிரேயும் எழுத்துகள் இருக்கும். ஆங்கிலப் பெரிய டி என்றால் அவர் உனக்குத் தருகிறார். சின்ன டி என்றால் நீ கேட்கிறாய், அவர் தர மறுக்கிறார். ஐ என்றால் அவராக உன்னைத் தேடி வந்து இணைந்தவர். உன் பட்டியலில் ஒரு ஐ கூட இல்லாமல் சின்ன டியாகவே நிறைந்திருந்தால் நோய் தெரிந்துவிட்டது. உன் போர்ட், அதாவது வெளியிலிருந்து இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல், மூடியிருக்கிறது. போர்ட் மூடிய இருவர் பெரும்பாலும் ஒருவரோடொருவர் இணைய முடியாது. அதனால் கூட்டத்தில் பாதிப்பேர் உனக்கு இல்லாத மாதிரியே ஆகிவிடும்.

திறக்கிற வழி இது. ஆப்ஷன்ஸில் ‘கனெக்‌ஷன்’ பகுதிக்குப் போ. பழைய 6881 முதல் 6889 வரையான எண்களைச் சில நிறுவனங்கள் மட்டுப்படுத்துவதுண்டு, அவற்றை விட்டுவிட்டு 49152-க்கு மேல், 65535-க்குள் ஒரு எண்ணைக் கொடு. ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றும் ‘ரேண்டம்’ வசதி இருந்தால் அணைத்துவிடு. ரூட்டரில் போர்ட்டைத் தானாகத் திறக்கும் யூபிஎன்பி டிக் இருக்கட்டும், ரூட்டரிலும் அது இயங்குகிறதா பார். அது வேலை செய்யாவிட்டால் கையால் செய்ய வேண்டும். ரூட்டர் பக்கத்துக்குள் போய், உன் கம்ப்யூட்டரின் மேக் எண்ணுக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு நிரந்தர உள்முகவரியை ஒதுக்கு. அந்த முகவரிக்கு, அந்த போர்ட்டை, டிசிபி, யுடிபி என்ற தரவு அனுப்பும் முறைகள் இரண்டுக்கும் ஃபார்வர்ட் செய் (திருப்பிவிடு). பலர் டிசிபியை மட்டும் போட்டுவிட்டு யுடிபியை மறக்கிறார்கள். மற்ற பியர்களைத் தேடித் தரும் டிஎச்டி யுடிபியில்தான் ஓடுகிறது. அது முடங்கினால், டொரண்ட் கோப்புக்குப் பதிலாக மேக்னெட் லிங்க் போடும்போது ‘மெட்டாடேட்டா’ என்ற நிலையிலேயே மணிக்கணக்கில் நிற்கக்கூடும். கடைசியாக விண்டோஸ் பயர்வாலில் கியூபிட்டொரண்டுக்கு அனுமதி இருக்கிறதா பார்.

இதெல்லாம் செய்தும் தீச்சுடர் போகவில்லையா? ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வான் ஐபி’, அதாவது லைன்காரர் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி, என்ன என்று பார். நம்ம பக்கத்தில் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீ சிஜிநாட் என்ற ஏற்பாட்டுக்குள் இருக்கிறாய். ஒரே வெளிமுகவரியைப் பல வீட்டுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அந்தப் பக்கம் இன்னொரு கதவு மூடியே இருக்கும். 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலும் மேலே இன்னொரு நாட் (முகவரியைப் பகிரும் ஏற்பாடு) இருக்கிறது. உன் வீட்டிலேயே லைன்காரர் வைத்த பெட்டிக்குப் பின்னால் நீ வாங்கிய இரண்டாவது ரூட்டர் இருந்தால், அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்று, அந்த இரட்டைப் பூட்டு ஒன்றாகிவிடும்.

சிஜிநாட்டுக்கு நல்ல மருந்து ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதில் உன் கம்ப்யூட்டருக்கே தனி முகவரி கிடைக்கும், யாரோடும் பகிர வேண்டாம். லைன்காரரிடம் “ஐபிவி6 தருகிறீர்களா” என்று கேள். தந்தால் ரூட்டரில் அதை இயக்கி, ரூட்டரின் ஐபிவி6 பயர்வாலிலும் உன் போர்ட்டுக்கு வழி விடு. இல்லாவிட்டால் மாறாத தனி முகவரியான ஸ்டாட்டிக் ஐபி, அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். வாசகசாலை காரியத்துக்கு மட்டும் அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது நீ ரொம்பத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம். அப்லோடை 5 கேபிக்குக் கட்டிப்போட்டால் டவுன்லோடு கூடும் என்று எழுதியிருக்கிறாய். நேர்மாறு, மக்கா. பிராம் கோஹன் 2001-ல் பிட்டொரண்டை வெளியிட்டார். அவர் வகுத்த முறைப்படி, இன்னும் முழுதாக இறங்காத பியர்கள் தங்களுக்கு நன்றாகத் தருபவருக்கே திருப்பித் தருவார்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை யார் நன்றாகத் தருகிறார் என்று கணக்குப் பார்த்து, தராதவரை நிறுத்திவைப்பார்கள். முப்பது விநாடிக்கு ஒருமுறை யாராவது புதியவருக்கு ஒரு வாய்ப்பு கொடுப்பார்கள். நீ தராவிட்டால் அந்த வாய்ப்பில் வரும் துளிதான் உனக்கு. சீட் நிறைய உள்ள டொரண்டில் இது அவ்வளவு தெரியாது, சீட் குறைவான இடத்தில்தான் நன்றாக உறைக்கும்.

அதற்காக முழுதாகத் திறந்தும் விடாதே. அப்லோடு பாதை நிரம்பிவிட்டால், உனக்கு வந்த தரவுக்கு “கிடைத்தது” என்று திருப்பிச் சொல்லும் சின்னச் செய்திகள்கூட வரிசையில் மாட்டிக்கொள்ளும். அவை தாமதமானால் எதிர்ப்பக்கம் அனுப்புவதைக் குறைத்துவிடும். டொரண்டை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பீட் டெஸ்ட் எடு. அப்லோடு 20 எம்பிபிஎஸ் வந்தால் அது 2500 கேபி, அதில் 80 சதவீதம், அதாவது 2000 கேபியை வரம்பாக வை. டவுன்லோடுக்கு வரம்பு வேண்டாம்.

கனெக்‌ஷன் எண்ணிக்கையை ஆயிரமாக்கினாய் அல்லவா, அதையும் இறக்கு. லைன்காரர் தரும் சின்னப் பெட்டிகளின் நினைவகம் கொஞ்சம்தான். இணைப்புப் பட்டியல் நிரம்பினால் வீட்டில் யாருக்கும் ஒரு பக்கம்கூடத் திறக்காது. மொத்தம் 200, ஒரு டொரண்டுக்கு 60 போதும். ஒரே நேரத்தில் மூன்று டொரண்டுக்கு மேல் ஓடவும் வேண்டாம்.

வைஃபையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோதிக்கும்போது லேன் கேபிளில் சோதி. வேகம் உடனே கூடினால் குறை வைஃபையில். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறு, அது எட்டாத அறை என்றால் 2.4-ல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று.

பென்டிரைவில் நேரடியாக இறக்குவதையும் விடு. டொரண்ட் கோப்பின் துண்டுகளை வரிசையாக அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதும். பென்டிரைவ் அதில் திணறும். அது ஃபேட்32 என்ற பழைய வடிவத்தில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பு எழுதவே எழுதாது. உள்ளே இருக்கும் டிஸ்க்கில் இறக்கி, முடிந்த பிறகு நகலெடு. வரிசையாக இறக்கும் ‘சீக்வென்ஷியல்’ டிக்கும் வேண்டாம். அரிதான துண்டை முதலில் எடுக்கும் முறைதான் கூட்டத்தையே உயிரோடு வைக்கிறது.

விண்டோஸின் டிசிபி கோப்பை ‘பேட்ச்’ செய்யச் சொல்லும் பழைய யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது எக்ஸ்பி காலத்துக் கதை, தொடாதே.

ஸ்பீட் டெஸ்டே குறைவாக வந்தால் மட்டும் லைன்காரரைக் கூப்பிடு. மழைக்காலத்தில் உங்க பக்கம் ரப்பர் மரக்கிளை ஃபைபர் மேல் விழுவதும், வயர் மடங்குவதும் சகஜம். பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு, அதாவது ஒளி வரவில்லை என்று காட்டுவது, சிவப்பாக எரிகிறதா பார். பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஒளி அளவு தெரிந்தால், கழித்தல் 27 டிபிஎம்மை நெருங்கினாலே இணைப்பு தடுமாறும். அந்த எண்ணைச் சொன்னால் அவர் மறுபேச்சு பேச முடியாது.

உபுண்டு இறங்கி முடிந்ததும் டொரண்டை எடுத்துவிடாதே. ராத்திரி கம்ப்யூட்டர் ஓடும்போதெல்லாம் சீடாக இருக்கட்டும். கிவிக்ஸின் தமிழ்க் கோப்புக்கும் டொரண்ட் உண்டு, அதற்கு ஆள் குறைவாகத்தான் இருக்கும். வாசகசாலையிலிருந்து நீ சீட் செய்தால் அடுத்து எடுப்பவருக்கு அது பெரிய உபகாரம்.

பியர்ஸ் பக்கத்தையும் அடிப்பட்டையையும் போனில் படம் எடுத்து அனுப்பு, ஐபி பத்தியை மட்டும் மறைத்துவிடு. உன் வான் ஐபியின் முதல் இரண்டு எண்ணும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிட்டால் ரூட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பேசலாம். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் செல்வம்