காதல் படம் முதலில் காதில் விழட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் காதல் படங்கள் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை, இளவட்டங்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். பையன்களைக் குறை சொல்வதற்கு முன் தியேட்டரைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை என்று எல்லா ஊரிலிருந்தும் கடலுக்குப் போகாத பையன்கள் செட்டு செட்டாக இரண்டாம் ஆட்டத்துக்கு வருகிறார்கள். நாயகனும் நாயகியும் தணிந்த குரலில் பேசும் காட்சி வந்ததும் பின்வரிசையில் பேச்சு கிளம்பிவிடுகிறது. படம் இழுக்கிறது என்கிறார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு வசனம் கேட்பதே இல்லை.

தியேட்டரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டால்பி கருவியில் 7 என்ற எண்தான் கணக்கு. படத்தின் ஒலிகளைக் கலந்து முடிக்கும் மிக்ஸிங் அரங்கிலும் 7, தியேட்டரிலும் 7 என்றிருந்தால்தான் இயக்குநர் கேட்டது நமக்கும் கேட்கும். சண்டைப் படங்கள் காதைப் பிளக்கும்படி மிக்ஸ் ஆகி வருவதால், புகாருக்குப் பயந்து பல இடங்களில் 5-இல் வைத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை படம் மாறுகிறது, எண் மாறுவதில்லை. 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 3.3 டெசிபல் வித்தியாசம். ஆக 7-லிருந்து 5-க்கு இறக்கினால் ஏறக்குறைய 6.7 டெசிபல் போய்விடும். அடிதடிப் படம் அதைத் தாங்கும். காதலர்கள் கிசுகிசுப்பது ஏசி இரைச்சலுக்குள் அமுங்கிப்போகும். புதுப் படம் வந்த அன்று ஆபரேட்டர் அரங்குக்குள் இறங்கி, மெல்லப் பேசும் ஒரு காட்சியைக் கேட்டுப் பார்த்து, அந்தப் படத்துக்கான எண்ணைக் கருவிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். பத்து நிமிட வேலை.

எண்ணைக் கூட்டியும் தெளியவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். வசனம் வருவது திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து. திரை முழுக்க இருக்கும் பொடித் துளைகள் வழியாகத்தான் அது வெளியே வரும். கடற்காற்றின் ஈரத்தோடு புழுதி சேர்ந்து துளைகளை அடைத்தால் முதலில் அடிபடுவது மேல்சுருதி ஒலிகள்; 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிவிடும். அந்த ஸ்பீக்கரில் மேல்சுருதியைத் தரும் ஹார்னுக்குள் இருக்கும், அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய டயாஃப்ரம் பழுதானாலும், வயர் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறினாலும் இதே கதிதான். ஆபரேட்டர் ஒலியைக் கூட்டுவார், பாட்டு வந்ததும் சுவரில் உள்ள ஸ்பீக்கர்கள் அலறும், மேனேஜர் குறைக்கச் சொல்வார், அடுத்த காட்சியில் வசனம் மறுபடி காணாமல் போகும். சோதனைக்கென்று இருக்கும் 'உஸ்' என்ற பிங்க் நாய்ஸை இடது, நடு, வலது ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்க்கலாம். எண் 7-இல், அரங்கின் நீளத்தில் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஒலி அளக்கும் மீட்டர் வைத்தால் மூன்றும் தனித்தனியே 85 டெசிபல் காட்ட வேண்டும். நடுவில் மட்டும் 'உஸ்' சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் ஹார்னைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். திரையைச் சுத்தம் செய்ய ஈரத்துணி கூடவே கூடாது. அதுவும் 3டி-க்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீன் என்றால் பூச்சே உரிந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷும் வாக்குவம் கிளீனரும் போதும்.

படம் தெரிவதிலும் இதே உப்புதான் வில்லன். புரொஜெக்டர் அறைக்கும் அரங்குக்கும் நடுவே உள்ள கண்ணாடியில் வெளிப்பக்கம் உப்பும் தூசியும் படிந்துவிடுகின்றன. கறுப்புப் பின்னணியில் டைட்டில் ஓடும்போது வெள்ளை எழுத்துகளைச் சுற்றி மங்கலாக ஒளி கசிந்தால் அந்தக் கண்ணாடி அழுக்கு என்று சந்தேகிக்கலாம். இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகிவிடும். விளக்கு வெளிச்சத்தில் நாயகியின் முகத்தில் வரும் மாற்றம் தெரியாது. இந்தக் கரையோரத்தில் வாரம் ஒரு முறையாவது டிஸ்டில்டு வாட்டர் தொட்டு இருபுறமும் துடைக்க வேண்டும். புரொஜெக்டருக்குள் எரியும் செனான் லாம்பை ஆயுள் முடிந்தும் ஓட்டினால் இருட்டு இன்னும் கூடும். திரை நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது நியதி.

இடைவேளை விடுவதிலும் கவனம் தேவை. பிறமொழிப் படங்கள் பலவற்றில் இடைவேளைக்கென்று இடம் இருக்காது. காட்சி மாறும் இடத்தை முன்கூட்டியே பார்த்துக் குறித்து வைக்காமல், பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவது கொடுமை.

சேர்ந்து வரும் நண்பர்களுக்கும் ஒன்று. எட்டுப் பேர் என்றால் ஒரே வரிசையில் எட்டு டிக்கெட் எடுக்காமல் முன்வரிசையில் நாலு, பின்வரிசையில் நாலு என்று நடுவில் எடுங்கள். சுவரோரம் உட்காருபவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் இசைதான் வசனத்தை விட ஓங்கிக் கேட்கும். சில்வர் ஸ்கிரீனாக இருந்தால் ஓரத்து இருக்கையிலிருந்து படமும் மங்கலாகத் தெரியும். பால்கனியின் கடைசி வரிசையும் வேண்டாம், பின்சுவர் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கும்.

வசனம் கேட்கவில்லை என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து விசிலடிக்காமல் ஒருவர் எழுந்து போய்ச் சொல்லுங்கள். "சவுண்டு பத்தல" என்று மட்டும் சொன்னால் எண்ணைக் கூட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். "பாட்டு நல்லா கேக்குதுண்ணே, பேசுறதுதான் கேக்கல" என்று சொன்னால், சென்டர் ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும் என்று ஆபரேட்டருக்கு உடனே விளங்கும்.

இப்படிக்கு,
திரையரங்கு ஒலி, ஒளிப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்,
ராமநாதபுரம்.